பிறர் 71 சதவீதம்

மாவட்டத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகள். முதலாவது என்னுடையது. எண்ணூற்றுப் பன்னிரண்டாவது என் மனைவியுடையது. இரண்டுக்கும் நடுவில் நான்கு கிலோமீட்டரும் ஒரு நாற்கரச் சாலையும்தான் இருந்தன.

என் பெயர் மாரீஸ்வரன். மேலச்சத்திரம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து முதலிடம். கல்வி அலுவலகத்தில் என் பெயரை யாரும் சொல்வதில்லை, "ஃபர்ஸ்ட் ரேங்க் சார் வந்திருக்காரு" என்பார்கள். நானும் அப்படியெல்லாம் சொல்லாதீர்கள் என்று மறுத்ததில்லை. கையை மட்டும் லேசாக ஆட்டுவேன், அடக்கம் தெரிவதற்காக.

மனைவி முனீஸ்வரிக்குக் காட்டூரணிப் பள்ளி. அங்கே தலைமையாசிரியை, உதவி ஆசிரியை, மணி அடிப்பவர் எல்லாமே அவள்தான். பத்தொன்பது பிள்ளைகள். சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற குடும்பங்கள். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்விடுவார்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. நான்கைந்து மாதம் கழித்துத் திரும்பி வரும்போது பிள்ளைகளுக்குப் பாதி மறந்திருக்கும். மாவட்டத் தேர்வு எப்போதும் அந்தச் சமயத்தில்தான் வரும்.

வீட்டில் அவளை "எண்ணூத்திப் பன்னெண்டு" என்று கூப்பிடுவேன். வேடிக்கைக்குத்தான்.

"எண்ணூத்திப் பன்னெண்டு, காப்பி இருக்கா?"

"ஒண்ணாம் நம்பருக்குச் சீனி எத்தனை ஸ்பூன்?"

இருவரும் சிரிப்போம். நான் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பேன்.

முதலிடத்துக்கு எப்படி வந்தேன் என்று பயிற்சிக் கூட்டங்களில் என்னைப் பேசச் சொல்வார்கள். அர்ப்பணிப்பு, திட்டமிடல், தாய்மை உணர்வு என்று மூன்று சொற்களைத் திரையில் போட்டு நாற்பது நிமிடம் பேசுவேன். உண்மையில் நான் செய்தது வேறு. ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி வேனை எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டுப் பள்ளிகளுக்குப் போவேன். மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைகளிடம் பத்துக் கேள்வி கேட்பேன். எட்டுக்குப் பதில் சொல்கிற பிள்ளையை என் பள்ளிக்கு மாற்றிக்கொள்வேன். அதற்குத் 'திறமையை அரவணைத்தல்' என்று பெயர் வைத்திருந்தேன். என் பள்ளியில் மூன்று கேள்விக்குமேல் தாண்டாத பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு, "காட்டூரணி அமைதியான இடம். உங்க புள்ளைக்கு அந்தச் சூழல்தான் ஒத்துவரும்" என்பேன். அதற்குப் பெயர் வைக்கவில்லை.

மாற்றுச் சான்றிதழ்கள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கைமாறும். சப்பாத்தி சாப்பிட்டு முடித்ததும் நான் படிவங்களை எடுத்து வைப்பேன். அவள் கையைத் துடைத்துவிட்டு, போகிற பிள்ளைகளுக்கு ஒரு கையெழுத்து, வருகிற பிள்ளைகளுக்கு ஒரு கையெழுத்துப் போடுவாள். காட்டூரணிப் பிள்ளைகள்தான் அதிகம் போவார்கள். அது ஏன் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்டவனே நான்தான், பதில் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

அந்த வருடம் 'குரல்தடம்' வந்தது. ஒரு தலைப்பட்டை, ஒரு கைத்திரை, அவற்றோடு நிதர்சனா என்கிற இளம் பொறியாளர். முதலில் என் தலையில் மாட்டிக் காட்டினாள்.

"சார், ஏழெட்டு எவ்ளோ?"

"அம்பத்தாறு."

"வாயில வர்றதுக்கு முன்னாடி உள்ள யாரோ சொன்னாங்கல்ல?"

சொன்னார்கள். என் அக்கா. 'அம்பத்தாறுடா, மக்கு' என்று தலையில் குட்டிச் சொன்ன அதே குரல். கைத்திரையில், 'பெண் குரல், வயது பதினொன்று அளவில்' என்று எழுத்துகள் ஓடின.

"யாரு சார் அது?"

"எங்க கணக்கு டீச்சர்" என்றேன்.

நிதர்சனா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல பெண். "ஒரு விஷயத்தை யாருகிட்ட முதல்ல புரிஞ்சுக்கிறோமோ, அவங்க குரலோட சேர்த்துத்தான் மூளை அதை வெச்சுக்குது சார். நமக்கு மறந்துரும், அதுக்கு மறக்காது. பிள்ளைங்க பதில் சொல்லும்போது அந்தக் குரல் லேசா அசையும். அதைப் பிடிச்சு, பள்ளியில இருக்கிற ஆசிரியர்களோட குரல்களோட ஒப்பிட்டுப் பாக்கும். யாரு உண்மையிலேயே சொல்லிக்கொடுத்தாங்கன்னு தெரிஞ்சுரும்."

"எங்க பள்ளிக்கு இது தேவையே இல்லம்மா. எல்லாம் எங்க குரலாத்தான் இருக்கும்."

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மேலச்சத்திரம்: மதிப்பெண்ணில் முதலிடம். குரல்களில், பள்ளி ஆசிரியர்கள் 29 சதவீதம், பிறர் 71 சதவீதம். அந்த இருபத்தொன்பதில் என் பங்கு இரண்டு.

"அந்த ரெண்டு என்னம்மா?"

"வரிசையில நிக்கிறது ஒண்ணு சார். விருந்தினருக்கு வணக்கம் சொல்றது ஒண்ணு."

அன்று மதியம் முதன்மைக் கல்வி அலுவலர் ஹரிகிருஷ்ணன் ஆய்வுக் கூட்டம் போட்டார். பெரிய மனிதர். எந்தப் புள்ளிவிவரத்தையும் கையில் எடுத்தால் அதற்கு மாலை போடாமல் கீழே வைக்கமாட்டார்.

"பிறர்னா யாரு? சமுதாயம். மேலச்சத்திரத்துல சமுதாயமே எழுந்து நின்னு பாடம் நடத்துது. இதை ஒரு முன்மாதிரியா எடுத்துக்கணும். பிறருக்கு ஒரு கேடயம் கொடுத்துரலாம்."

"பிறர் சார்பா யாரு சார் வாங்குறது?" என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையை லேசாக ஆட்டினேன், பிறகு சம்மதித்தேன்.

அடுத்ததாகக் காட்டூரணி. மதிப்பெண்ணில் எண்ணூற்றுப் பன்னிரண்டு. குரல்களில், ஆசிரியை 94 சதவீதம்.

"பாத்தீங்களா, தொண்ணூத்தி நாலும் அந்த அம்மா ஒருத்தர்தான். பொறுப்பு நிர்ணயிக்க ரொம்ப வசதியா இருக்கு. முதல் பள்ளிக்கும் கடைசிப் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு இந்த மாவட்டத்துல குறையணும்னு மேலேருந்து உத்தரவு. கடைசியில இருக்கிற பள்ளியை மூடிட்டா வேறுபாடு தன்னால குறைஞ்சுரும். நிதியும் கேக்கவேண்டியதில்ல." வெள்ளிக்கிழமை இணைப்புக் குழு கூடும் என்றார். முதலிடப் பள்ளியின் தலைமையாசிரியர் பதவி வழியில் அதில் உறுப்பினர். அதாவது நான்.

கூட்டம் கலைந்ததும் நிதர்சனா வராந்தாவில் என்னைப் பிடித்தாள்.

"சார், அந்தப் பிறரைத் திறக்கலாம். தலைமையாசிரியர் கட்டைவிரல் வெச்சா மாவட்டத்துல பதிவான எல்லாக் குரலோடயும் ஒப்பிட்டுப் பேரைச் சொல்லிரும். ஆனா அந்தப் பங்கு மதிப்பெண், குரல் யாரோடதோ அவங்க பள்ளிக்குப் போயிரும். வியாழக்கிழமை அஞ்சு மணி வரைக்கும்தான். அதுக்கப்புறம் பிள்ளைங்க குரல்பதிவு எல்லாத்தையும் அழிச்சிரணும், சட்டம்."

"எழுபத்தொண்ணும் ஒரே ஆளா?"

"நாலஞ்சு பேரு. ஆனா அதுல அறுபது ஒரே குரல். பேரு வராது, குரல் மட்டும் இப்பவே கேக்கலாம். கேக்கிறீங்களா?"

காதில் மாட்டினேன். கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் ஒரு பெண்குரல்: "அரைக்கால்னா என்னன்னு எனக்குப் புரியலயே. நீ சொல்லேன்... ம்... அப்ப ஒரு தோசையை எத்தனையாப் பிய்க்கணும்? எனக்குப் புரியல, நீ சொல்லு..."

கருவியைக் கழற்றி நிதர்சனாவிடம் கொடுத்தேன். யார் என்று தெரிகிறதா என்று கேட்டாள். சரியாகக் கேட்கவில்லை என்றேன். அவளிடம் நான் சொன்ன இரண்டாவது பொய்.

அந்தக் குரலை எனக்கு எப்படித் தெரியாமல் போகும். 'எனக்குப் புரியலைங்க, நீங்க சொல்லுங்க' என்று பதினெட்டு வருடமாக என் வீட்டில் கேட்கிற குரல். ஓய்வூதிய விதி, மோட்டார் ஏன் அடிக்கடி நிற்கிறது, தம்பியோடு நிலத் தகராறில் நான் கோபப்பட்டது ஏன் சரி, எல்லாவற்றுக்கும் அவள் அப்படித்தான் கேட்பாள். நான் உட்கார்த்தி வைத்து விளக்குவேன். விளக்கிக்கொண்டே போகும்போது பாதியில் என் தவறு எனக்கே தெரியும். நானே திருத்திக்கொள்வேன், என் கூர்மையை நானே மெச்சிக்கொள்வேன். பாவம், இவளுக்கு எதுவும் சட்டென்று பிடிபடுவதில்லை என்று நினைத்திருக்கிறேன். நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"என்னங்க, லிஸ்ட்டுல எங்க ஸ்கூலு இருக்காமே."

"ம்."

"குழுவுல நீங்களும் இருக்கீகளாம்."

"பதவி வழி. நானாக் கேட்டு வாங்கல."

"நான் ஒண்ணும் சொல்லல." ஒரு தோசையைத் திருப்பிப் போட்டாள். "நீங்க கூட்டிட்டுப் போன பிள்ளைக மாதிரி இல்ல, இந்தப் பிள்ளைக ரோட்டைத் தாண்டி வராதுங்க. தாய் தகப்பன் விட மாட்டாக. மூட்டத்துக்குப் பக்கத்துல ஸ்கூலு இருக்கு, அதனால வருதுக. மூடிட்டா அம்புட்டும் கரி அள்ளப் போயிரும். நீங்க குழுவுல ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

பதினெட்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி. வார்த்தைகூடத் தேவையில்லை, ஒரு கட்டைவிரல் போதும். வைத்தால் காட்டூரணி எங்கேயோ மேலே ஏறிவிடும். மேலச்சத்திரம் எங்கே இறங்கும் என்று சாப்பிடும்போதே மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஐந்நூற்றுச் சொச்சம்.

"பாக்கலாம்மா" என்றேன்.

புதன்கிழமை வைத்துவிடலாம் என்று இருந்தேன். பெற்றோர் சங்கத் தலைவர் வந்துவிட்டார். வியாழன் காலை நிச்சயம் என்றிருந்தேன். இனிப்பு வாங்கிவந்த உதவி ஆசிரியர்கள் கலைந்து போகவே பதினொரு மணி ஆயிற்று. மூன்று மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைத்திரையை எதிரில் வைத்து உட்கார்ந்தேன். கட்டைவிரலை இரண்டு முறை வேட்டியில் துடைத்தேன்.

நான்கு நாற்பதுக்கு ஒளித்திரைக்காரர் சங்கரலிங்கம் வந்தார். நாளை மறுநாள் கேடயம் வழங்கும் விழாவுக்கு என் படத்தைப் பேருந்து நிலையத்தில் ஆகாயத்தில் ஓடவிட வேண்டும். பிளெக்ஸைத் தடை செய்த பிறகு எங்கள் ஊரில் தலைகள் இன்னும் உயரத்துக்குத்தான் போயிருக்கின்றன.

"சார், மாதிரி பாத்துட்டீங்கன்னா ஏத்திருவேன்."

"அப்புறம் பாக்கலாமே."

"ஒரே நிமிஷம் சார்."

பார்த்தேன். கலெக்டர் தலை பெரிது, அலுவலர் தலை நடுத்தரம், என் தலை மூலையில் எலுமிச்சம்பழ அளவு.

"என்னப்பா இது, விழாவே எங்க பள்ளிக்குத்தானே?"

"பெருசாக்கிருவோம் சார்." பெருசாக்கினார். கண்ணாடி போட்ட படம் வைக்கலாமா, போடாத படமா என்று கேட்டார். இரண்டையும் வைத்துப் பார்த்தோம். கண்ணாடி போட்டதில் அறிவு தெரிந்தது, போடாததில் கருணை தெரிந்தது. கருணையை வைக்கச் சொன்னேன். பின்னணிக்கு நீலமா பச்சையா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மறந்துவிட்டேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. கடிகாரம் சங்கரலிங்கத்தின் தலைக்கு நேர் மேலேதான் மாட்டியிருந்தது. நான்கு ஐம்பத்தைந்தில் முள்ளைப் பார்த்தேன். "பச்சை கொஞ்சம் அடர்த்தியா வையுங்க" என்றேன். ஐந்து மணிக்குக் கைத்திரை ஒரு சின்ன ஓசை எழுப்பிவிட்டு அணைந்தது.

"ஏதோ மெசேஜ் சார்" என்றார் சங்கரலிங்கம்.

"முக்கியமில்ல" என்றேன்.

மறுநாள் குழுவில் எனக்குத் திடீரென்று நேர்மை வந்துவிட்டது. தாமதமாக வரும் நேர்மைக்கு ஒரு தனித் துணிச்சல் உண்டு. எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த எழுபத்தொன்றில் அறுபது காட்டூரணி ஆசிரியையின் குரல் என்றேன். நாங்கள் முதலிடம் வாங்குவதே அவர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துதான் என்றேன்.

ஹரிகிருஷ்ணன் கேட்டார், "காட்டூரணி டீச்சர் உங்க வீட்டம்மாதானே மாரீஸ்வரன்?"

"ஆமா சார்."

கண்காணிப்பாளர்தான் முதலில் சிரித்தார். "வீட்டுல ராத்திரி சோறு கெடைக்கலையோ?" மேசையைச் சுற்றிச் சிரிப்பு பரவியது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒருவர் என் முதுகில் தட்டினார்.

"மெஷின்லயே இருக்கு சார், நான் என் காதால கேட்டேன்."

"அப்ப திறந்திருக்கலாமே. நேத்து அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருந்துச்சே?" அலுவலர் நிதர்சனாவைப் பார்த்தார். "இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு சார். இப்ப அழிச்சாச்சு." அவள் என்னைப் பார்க்காமல் கைத்திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்த நேரத்துல என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

என் தலையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது. வேலை இருந்தது என்றேன்.

"மனுசன்னா இப்படி இருக்கணும்" என்றார் ஹரிகிருஷ்ணன், மனம் நெகிழ்ந்து. "மனைவிக்காகத் தன் பள்ளிப் பேரையே விட்டுக்கொடுக்கப் பாக்குறாரு." கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதினார்கள்: 'உறுப்பினர் திரு. மாரீஸ்வரன் தம் துணைவியாரின் பொருட்டு உருக்கமாகப் பேசினார். காட்டூரணிப் பள்ளியை மேலச்சத்திரத்துடன் இணைக்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' ஒருமனது என்பதற்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. தேநீர் வந்த நேரத்தில் போட்டேன்.

மேலச்சத்திரத்தில் ஆசிரியர்கள் போதுமான அளவு இருப்பதால், முனீஸ்வரியைப் பணிநிரவலில் அறுபது கிலோமீட்டர் தள்ளி வேறோர் ஒன்றியத்துக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குரல், கட்டைவிரல், சங்கரலிங்கம், கருணை தெரிகிற படம் வரைக்கும். அவள் நடுவில் எதுவும் கேட்கவில்லை. முதல் தடவையாக அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

"அந்தக் குரல் உன்னோடதுன்னு உனக்குத் தெரியுமா?"

"நான் படிப்பிச்ச பிள்ளைக யாருன்னு எனக்குத் தெரியாதாங்க? டி.சி.யில கையெழுத்துப் போட்டவளே நான்தான்."

"அப்ப ஏன் ஒரு தடவைகூடச் சொல்லல?"

"எங்க படிச்சா என்ன, படிச்சாச் சரின்னு இருந்தேன்." எழுந்து தட்டுகளை எடுத்தாள். "மெஷினு வந்திருக்குன்னு சொன்னப்போ, இனி நீங்களே சொல்லுவீகன்னு நெனச்சேன்."

இதை அவள் கோபமாகச் சொல்லியிருக்கலாம். கோபப்பட்டால் எனக்குப் பதில் சொல்ல வரும்.

திங்கட்கிழமை காலை காட்டூரணிப் பிள்ளைகளைக் கூட்டிவர வேனோடு போனேன். தலைமையாசிரியரே நேரில் வரவேண்டும் என்று சுற்றறிக்கை. பள்ளிச் சாவியை ஒப்படைக்க முனீஸ்வரியும் வந்திருந்தாள். எங்களுக்குள் பேச்சில்லை, ஒரே வேனில்தான் வந்தோம். பின்னால் கருவேலங்காட்டில் மூட்டத்துப் புகை தாழ்வாகக் கிடந்தது.

பத்தொன்பது பெயரையும் அவள் வாசித்தாள். நான்கு பேர் வந்திருந்தார்கள். வராத ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நின்று, அந்தப் புகையைப் பார்த்துவிட்டு, அடுத்த பெயரை வாசித்தாள். எனக்கு ஒரு கணக்கு ஓடியது. இந்தப் பதினைந்து பேர் எந்தப் பள்ளியிலும் இல்லை, ஆகவே எந்தச் சராசரியிலும் இல்லை. மாவட்டத்தின் வேறுபாடு உண்மையிலேயே குறைந்துதான் விட்டது.

மூன்று பிள்ளைகள் வேனில் ஏறிவிட்டார்கள். நான்காவதாக ஒரு பெண், பத்து வயது இருக்கும், படியில் கால் வைக்காமல் நின்றாள். எங்கேயோ பார்த்த முகம்.

"ஏறும்மா. பேரு என்ன?"

"தர்னிகா சார். ரெண்டாப்பு உங்க ஸ்கூல்லதான் சார் படிச்சேன்."

அமைதியான சூழல் ஒத்துவரும் என்று நான் அனுப்பிவைத்த பிள்ளைகளில் ஒருத்தி. அதைச் சொல்லிக்காட்டுவாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் வேனுக்குள் இருந்த மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்கிற அக்கறை அதில் இருந்தது.

"சார், மெஷினு வர்ற அன்னைக்கு மட்டும் நான் லீவு போட்டுக்கிறேன் சார், உங்க ரேங்க் குறையாது. எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

முனீஸ்வரி வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று அந்தப் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.